அசல் சான்றிதழ் அங்கே இருக்கிறது. முதலில் அதை வாங்குவோம்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

வயது 31. கிராமம். 2014-ல் பி.எஸ்சி. கணிதம் முடித்து, அதே ஆண்டு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பதிவைத் தவறாமல் புதுப்பித்து வருவது அவருடைய அப்பா. அட்டையை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம். கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார். மாதம் 16,000 ரூபாய் வரும். மகள் இரண்டாம் வகுப்பு. கொரோனாவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்ததைத் தவிர வேறு வேலைக்குப் போனதில்லை.

சமீபத்தில் பக்கத்து டவுனில் ‘அரசு இலவசக் கணினிக் கணக்கியல் பயிற்சி, நூறு சதவீத வேலை உறுதி’ என்ற பேனரைப் பார்த்துப் போயிருக்கிறார். 5,000 ரூபாய் வைப்புத்தொகை, பயிற்சி முடிந்ததும் திருப்பித் தருவோம் என்றார்கள். கையிலிருந்த 2,000 ரூபாயை ஜிபே-யில் அனுப்பினார். பட்டச் சான்றிதழின் அசலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஐந்து வாரம் ஆகிறது. ‘பேட்ச் ஃபுல் ஆகட்டும்’ என்பதுதான் பதில். இதற்கிடையே அதே டவுனில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் 11,000 ரூபாய் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். தனியாரில் சேர்ந்தால் சீனியாரிட்டி போய்விடும் என்கிறார் அப்பா. அரசு தரும் உதவித்தொகைக்காவது எழுதிப் போடு, வருமானச் சான்றைக் குறைத்து வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். “யார் சொல்வதைக் கேட்பது? எனக்கு வயது போய்விட்டதோ என்றும் தோன்றுகிறது” என்று முடித்திருக்கிறார்.

சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ரசீதின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘பதிவுக் கட்டணம் பெறப்பட்டது’ என்று இருக்கிறது. பயிற்சி மையத்தின் முழுப் பெயர் இல்லை, திட்டத்தின் பெயர் இல்லை, வரிசை எண் இல்லை. ஜிபே போன எண்ணும் ஒரு தனிநபருடையது. இதை மட்டும் வைத்து அவர்களை மோசடிக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அனுமதிக்காக உண்மையாகவே காத்திருக்கும் மையங்களும் உண்டு. ஆனால் இலவசம் என்று பேனர் வைத்துவிட்டு, பணத்தைத் தனி ஆளின் கணக்கில் வாங்குவது எந்த அரசுத் திட்டத்தின் நடைமுறையும் இல்லை. திட்டத்தில் வைப்புத்தொகைக்கு இடம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், அதைச் சொல்லும் வழிகாட்டுதலைக் காட்டட்டும், முறையான ரசீது தரட்டும்.

ஜவுளிக்கடை, சீனியாரிட்டி, உதவித்தொகை எல்லாவற்றையும் பேசுவோம். அதற்கு முன் அந்தச் சான்றிதழ்.

சான்றிதழை எப்படித் திரும்ப வாங்குவது?

சேர்க்கையின்போது அசலைப் பார்த்துச் சரிபார்ப்பது நியாயம். பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். மாணவர் பாதியில் ஓடிவிடக் கூடாது என்பதற்காக அசலைப் பிடித்து வைப்பது பல இடங்களில் பழக்கமாகவே ஆகிவிட்டது. பழக்கம் என்பதால் அது உரிமை ஆகாது. கல்விச் சான்றிதழ் அடகு வைக்கிற பொருள் அல்ல, கட்டண பாக்கி என்று சொல்லிக்கூட அதைப் பிடித்து வைக்க முடியாது என்று கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வகுப்பே தொடங்காத உங்கள் விஷயத்தில் பாக்கி என்று ஒன்றே இல்லை.

நேரில் போய்ச் சண்டை போட வேண்டாம். கணவரையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போய், ‘வேறு வேலைக்கு நேர்காணல் இருக்கிறது, அசல் வேண்டும்’ என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் இதற்கே கொடுத்துவிடுவார்கள். மழுப்பினால், ஒரு வெள்ளைத்தாளில் தேதி போட்டு எழுதுங்கள்: என்றைக்குச் சேர்ந்தீர்கள், எவ்வளவு பணம் எந்த எண்ணுக்கு அனுப்பினீர்கள், எந்தச் சான்றிதழைக் கொடுத்தீர்கள், ஏழு நாளுக்குள் இரண்டையும் திருப்பித் தர வேண்டும். அதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் ஒரு நகலையும் பத்திரமாக வையுங்கள். ஜிபே பரிவர்த்தனை, வாட்ஸ்அப்பில் வந்த பதில்கள், அந்த பேனரின் படம் மூன்றையும் போனில் மட்டும் வைத்திருக்காமல் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். போன் கீழே விழுந்து எல்லாம் போச்சு என்று சட்ட உதவி முகாமில் கண்கலங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏழு நாள் கழித்தும் வரவில்லையென்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். கூடவே நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வக்கீல் வைக்கப் பணம் ஏது என்று கேட்டிருந்தீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உரிமை. அதற்கு வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். அங்கிருந்து ஒரு நோட்டீஸ் போனாலே பாதிப் பிரச்சினை தீரும். ஏமாற்றும் எண்ணத்தோடுதான் பணம் வாங்கினார்கள் என்று தெரியவந்தால் போலீஸ் புகார். பழைய 420 இப்போது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவு. அது கடைசிக் கட்டம். முதல் நாளே ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை.

உங்களுக்காகப் பணம் கட்டுவது அரசு

இலவசப் பயிற்சிக்குப் போகிறவர்கள் பலர், ஏதோ தானம் வாங்கப் போவதுபோலக் கூனிக் குறுகிப் போகிறார்கள். ‘சும்மா சொல்லித் தருகிறார்கள், நாம் என்ன கேள்வி கேட்பது’ என்று உங்கள் கடிதத்திலும் ஒரு வரி இருக்கிறது. அது தவறான எண்ணம். மையம் சும்மா சொல்லித் தருவதில்லை. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் இவ்வளவு என்று அரசு அந்த மையத்துக்குப் பணம் தருகிறது. கிராமப்புற இளைஞர்களுக்கான மத்திய அரசுத் திட்டம் தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா போன்றவற்றில் அது தவணை தவணையாக வரும். கடைசித் தவணை, படித்தவர் வேலையில் சேர்ந்ததைக் காட்டினால்தான். அதனால்தான் ஆதாரும் கைரேகை வருகைப்பதிவும். உங்கள் வருகைதான் அவர்கள் அரசுக்குக் கொடுக்கிற பில். கேள்வி கேட்கும் உரிமை அதிலேயே வந்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோணலும் உண்டு. வேலை கிடைத்ததாகக் கணக்கு காட்டினால் பணம் என்றால், சில மையங்கள் வேலையைத் தேடுவதைவிடக் கணக்கைத் தேடும். ‘சென்னையில் ஒரு கம்பெனி, ஒரு மாசம் மட்டும் போயிட்டு வந்துடுங்க’ என்று கெஞ்சுவார்கள். இல்லையென்றால், போகாத வேலைக்கு நியமனக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். ஒருமுறை பயிற்சி பெற்று வேலையும் கிடைத்தவர் என்று உங்கள் ஆதார் எண்ணோடு பதிவாகிவிட்டால், அடுத்த திட்டத்தில் சேரும்போது அதுவே இடைஞ்சலாக வந்து நிற்கலாம்.

எந்த மையத்திலும் சேரும் முன் மூன்று கேள்வி போதும். எந்தத் திட்டத்தின் கீழ் நடக்கிறது, அதற்கான அனுமதி எங்கே? முடிவில் யார் சான்றிதழ் தருவார்கள், மையமா, அரசு அங்கீகரித்த அமைப்பா? போன பேட்ச்சில் படித்த இரண்டு பேரின் போன் எண் தர முடியுமா? மூன்றாவது கேள்விக்கு முகம் மாறினால் எழுந்து வந்துவிடலாம். மையம் உண்மையிலேயே அரசுத் திட்டத்தில் இருக்கிறதா என்பதை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் நேரில் கேட்டால் சொல்வார்கள். அது பெரும்பாலும் அரசு ஐடிஐ வளாகத்திலேயே இருக்கும். 

‘நூறு சதவீத வேலை உறுதி’ என்ற வாசகத்தை எங்கே பார்த்தாலும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். தீன்தயாள் திட்டத்தில் அரசே மையங்களுக்கு வைத்திருக்கும் இலக்கு 70 சதவீதம்தான்.

அப்பாவின் அட்டை

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பார்த்த காலத்தில் அந்த அட்டைக்கு மதிப்பு இருந்தது. பள்ளி ஆசிரியர் வேலைகூடப் பதிவு மூப்பில் வீடு தேடி வந்தது. 2012-ல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்த பிறகு அந்தக் கதவு சாத்தப்பட்டது. அதற்கும் முன்பே, 1996-ல் விஸ்வேஸ்வர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல் பத்திரிகையில் விளம்பரம் செய்து, விண்ணப்பிக்கும் தகுதியானவர்களையும் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1959-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததில்லை. இன்று அரசு வேலையின் பெரும்பகுதி டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வு வாரியங்கள் வழியாகத்தான். சில பணியிடங்களுக்கு இன்னும் பட்டியல் கேட்கிறார்கள். அதனால் பதிவைப் புதுப்பிப்பதில் தவறில்லை. வேறெதுவும் செய்யாமல் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதுதான் தவறு.

அப்பாவின் பயத்துக்கு நேரடி பதில்: தனியார் வேலையில் சேர்வதால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்தாகாது, மூப்பும் குறையாது. தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துவதே அந்த அலுவலகம்தான்; ஒவ்வொரு முகாம் அறிவிப்பிலும் இதை ஒரு வரியாகப் போடுகிறார்கள். ஏதாவது ஒரு செய்தித்தாளில் அந்த அறிவிப்பைத் தேடி எடுத்து அப்பாவிடம் காட்டுங்கள். நான் சொல்வதைவிட அச்சில் இருப்பதை அவர் நம்புவார்.

இன்னொன்று. அந்த அலுவலகத்தில் நீங்கள் 11 ஆண்டாகப் புதுப்பித்தலைத் தவிர வேறெதற்கும் போனதில்லை போலிருக்கிறது. அங்கேயே தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள், மாதிரித் தேர்வு வைக்கிறார்கள், நூலகமும் உண்டு. அட்டையால் இன்றைக்கு உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உருப்படியான பலன் இதுதான் என்பேன்.

உதவித்தொகை: கணக்குப் போட்டுப் பாருங்கள்

கணவர் சொல்வது தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான உதவித்தொகை. பட்டப்படிப்புக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, பத்தாம் வகுப்பு தேர்ச்சிக்கு 300, தவறியவருக்கு 200. பதிவு செய்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். வயது 40-க்குள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45. மூன்று ஆண்டு தருவார்கள். இதுவரை உங்களுக்குப் பொருந்துகிறது. அடுத்த நிபந்தனையில் இடிக்கிறது: குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவரின் வருமானம் மட்டும் ஆண்டுக்கு 1,92,000.

குறைத்துச் சான்று வாங்கலாம் என்பதற்கு வக்கீலாக நான் ‘சரி’ சொல்ல முடியாது. அந்த விண்ணப்பத்தோடு முடிவதில்லை, ஒவ்வொரு ஆண்டும் உறுதிமொழிப் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். பொய் என்று தெரிந்தால் கணவர் மீதல்ல, கையெழுத்துப் போட்ட உங்கள் மீதுதான் நடவடிக்கை. அதுவும் எவ்வளவுக்கு? மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 21,600 ரூபாய். ஜவுளிக்கடையில் இரண்டு மாதச் சம்பளம் அதைத் தாண்டிவிடும். வேலையில் சேர்ந்துவிட்டால் உதவித்தொகைக்குத் தகுதியும் இல்லை. இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

ஜவுளிக்கடை வேலையைத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து. முதல் வேலை, கணக்குப் பிரிவு, உங்கள் படிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. சேரும் முன் நேரத்தைத் தெளிவாகக் கேளுங்கள். சீசன் நாட்களில் ஜவுளிக்கடையில் ராத்திரி எத்தனை மணிக்கு விடுவார்கள், மகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் உங்கள் சம்பளத்துக்கு இஎஸ்ஐ உண்டு. இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் பிஎஃப். இரண்டையும் பிடித்து 11,000-மா, பிடிக்காமலா என்று கேளுங்கள். சம்பளம் வங்கியில் வர வேண்டும். கடையில் நாளெல்லாம் நிற்க வைப்பார்களோ என்று பயப்பட வேண்டாம்; 2021-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி தமிழ்நாட்டில் கடை ஊழியர் எல்லாருக்கும் உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும். கணக்குப் பிரிவில் எப்படியும் நாற்காலி இருக்கும், அது வேறு விஷயம்.

ஆனால் கணினிக் கணக்கியல் தெரியாமல் போனால் பில் போடும் இடத்திலேயே வருடக்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பயிற்சி உங்களுக்கு வேண்டும், அந்த மையத்தில்தான் வேண்டும் என்பதில்லை. உங்கள் மாவட்டத்தில் வங்கி நடத்தும் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கும்; ஆர்செட்டி என்றால் தெரியும். கிராமத்துக்காரர்களுக்குப் பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். டேலி என்ற கணக்கியல் மென்பொருள் பயிற்சியும் பல ஆர்செட்டிகளில் நடக்கிறது. சில வாரங்களில் முடிந்துவிடும். அடுத்த டேலி பேட்ச் எப்போது என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள். கடைக்காரரிடம் சேரும் தேதியை அதற்கேற்பத் தள்ளிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். டேலி கற்றுவந்த ஆள் அவருக்கும் லாபம்தான்.

தீன்தயாள் திட்டத்தில் கிராமப்புற ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு வயது வரம்பு 45 என்பதால் உங்களுக்கும் இடம் உண்டு. மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்கலாம். அதில் பெரும்பாலும் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், வேலையும் கோவை, திருப்பூர், சென்னை என்று தூரத்தில் வரும். இரண்டாம் வகுப்புக் குழந்தையோடு அது கஷ்டம். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

வயது போய்விட்டதோ என்றீர்கள். தமிழ்நாட்டு அரசு ஐடிஐ-யில் சேர ஆண்களுக்கு 40 வரை வரம்பு வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. மெக்கானிக், வெல்டர் மட்டும் இல்லை, ஓராண்டுக் கணினிப் பிரிவும் இருக்கிறது. பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் சைக்கிளும் பஸ் பாஸும் தருகிறார்கள். டிகிரி முடித்துவிட்டு ஐடிஐயா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள்தான். முழுநேரம் ஓராண்டு வருமானமில்லாமல் இருப்பதை உங்கள் வீடு தாங்குமா என்பதுதான் நான் யோசிக்கும் விஷயம். தாங்காது என்றே நினைக்கிறேன். அதனால் கடை வேலையே முதலில்.

அரசு வேலை ஆசையை விட வேண்டியதில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்கு டைப்பிங் சான்றிதழ் வேண்டும். அது இல்லாததால் லட்சக்கணக்கானவர்கள் அந்தப் பக்கமே வர முடியாது. அரசு தொழில்நுட்பத் தேர்வில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு முடித்து வைத்தால் கூட்டம் கொஞ்சம் குறைந்த வரிசையில் நிற்கலாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் காலை ஆறு மணிக்கே திறக்கின்றன. கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம். தேர்வில் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். உங்கள் கடிதத்தின் தமிழைப் பார்த்தால் அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கணக்குக் கேள்விகளும் உங்களுக்குப் பழகியவைதான்.

நேர்காணலில் ‘அனுபவம் இல்லை’ என்று சொல்லாதீர்கள். இரண்டு ஆண்டு இல்லம் தேடிக் கல்வியில் இருந்திருக்கிறீர்கள். சாயந்திரம் ஐந்து மணிக்குத் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததும், வருகைப் பதிவேடு போட்டதும், செயலியில் ஏற்றியதும் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு பாராவாக இருக்கின்றன. அதை அப்படியே பயோடேட்டாவில் எழுதுங்கள். தன்னார்வலர் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால் இணையுங்கள்.

இந்த வாரம் சான்றிதழுக்குப் போங்கள், ஆர்செட்டியில் விசாரியுங்கள், கடைக்காரரிடம் பேசுங்கள். அட்டையை அப்பாவிடமே விட்டுவிடுங்கள், அடுத்த புதுப்பிப்புத் தேதியை மட்டும் உங்கள் போனிலும் குறித்து வையுங்கள். இப்போது ஆன்லைனிலேயே முடிந்துவிடும். ஆனாலும் அவர் நேரில்தான் போவேன் என்பார், போகட்டும். ஏழு நாளில் அந்த மையத்திலிருந்து பதில் வரவில்லையென்றால், அனுப்பிய கடிதத்தின் நகலோடு மறுபடி எனக்கு எழுதுங்கள்.